கண்ணாடி துடைக்கிற உபதேசியார்

அவரு பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா எங்க சபையில பாதிப் பேரு சண்டைக்கு வருவாங்க, மீதிப் பேரு "ஊழியக்காரரைப் பத்திப் பேசாத, சாபம் வரும்"ம்பாங்க. வரட்டும். குன்னத்துல மாவு மில்லு வச்சிருக்கிறவ நான். மோட்டார் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசிப் பழகின வாயி. மறைச்சுப் பேச வராது. அதனால முதல்லயே சொல்லிடுறேன், அந்த மனுஷனை நெனைச்சா எனக்கு இன்னமும் குமட்டுது.

எங்களது சின்ன சபை. பாஸ்டர் ஐயரு மாசத்துக்கு ஒரு தடவை டவுன்லேருந்து வந்து நற்கருணை கொடுத்துட்டுப் போயிடுவாரு. மத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை, சாவு, காய்ச்சல், புருஷன் பொண்டாட்டி சண்டை எல்லாத்துக்கும் உபதேசியார்தான். இவரு வந்தப்ப அம்பது வயசு இருக்கும். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின வெள்ளைச் சட்டை, ஜிப்பு வச்ச உறையில பைபிள், வாயில எந்நேரமும் ஒரு பெப்பர்மிண்ட். ஜெபம் பண்ணும்போதுகூட அதைத் துப்ப மாட்டாரு. நாமெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு நிப்போம். 'பரலோகப் பிதாவே'ங்கிறதுக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல அந்த மிட்டாய் பல்லுல மோதுற சத்தம் டக்குனு கேக்கும். அப்ப அது எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. இப்ப வேற யாரு பெப்பர்மிண்ட் சப்பினாலும் எழுந்து போயிடுறேன்.

குரல் மட்டும் தேனு. பொய் சொல்லக் கூடாதில்ல, பாட ஆரம்பிச்சா மில்லுல வேலையை நிறுத்திட்டுக் கேக்கலாம். யாரு வூட்டுல சாவுன்னாலும் முதல் ஆளா வந்து நிப்பாரு. சபையில ஒரு குழந்தை பேரு தப்பாது. எந்தப் பையன் கணக்குல பெயிலு, எந்தக் கெழவிக்கு முட்டி வலி, எல்லாம் நுனி நாக்குல வச்சிருப்பாரு. எங்க சனத்துக்கு அது போதுமே! நம்ம பேரைச் சொல்லிக் கூப்புட்டுட்டா உசுரையே கொடுத்துடுவோம்.

ஓசியாங்கிற தீர்க்கதரிசியோட கதையை நான் முதல்ல கேட்டது அவரு வாயாலதான். ஓய்வுநாள் பள்ளி டீச்சருங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் அவரு பாடம் எடுப்பாரு. நாங்க பிள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை சொல்லிக் கொடுக்கணும். அன்னைக்குச் சோளம் காயப்போட்ட களத்தோரமா உட்கார்ந்து சொன்னாரு. கட்டின பொண்டாட்டி வூட்டை விட்டு ஓடிப் போயிடுறா. கண்ட இடத்துல கெடந்து, கடைசியில அடிமையா நிக்கிறா. ஆண்டவரு ஓசியாக்கிட்ட, 'நீ போ, அவளை நேசி'ங்கிறாரு. இவனும் போறான். கொஞ்சம் வெள்ளியும், பத்தாததுக்கு வாற்கோதுமையும் கொடுத்து அவளை மீட்டுக் கூட்டிட்டு வரான். "தன் சனம் தன்னை மறந்தாலும் ஆண்டவரு மறக்க மாட்டாரு, அதுக்குத்தான் இந்தக் கதை. அவர் உண்மையுள்ளவர்"னு சொல்லி முடிச்சாரு. எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி. தானியத்தை அளந்து கொடுத்துப் பொண்டாட்டியை மீட்டவனைப் பத்திக் கேட்டா மில்லுக்காரிக்கு வராதா பின்ன?

அதனாலதான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். தெரியாதவன் தப்பாச் சொன்னாப் போயித் தொலையுதுன்னு விடலாம். இவரு நல்லாத் தெரிஞ்சவரு.

அவரோட ஒரு பழக்கத்தை நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன். பாக்க வேண்டியது ஏதாச்சும் முன்னாடி வந்துச்சுன்னா, கண்ணாடியைக் கழட்டிடுவாரு. தடிச்ச கண்ணாடி. அது இல்லைன்னா எதிர்ல நிக்கிறது ஆளா கம்பமான்னு தெரியாதுன்னு அவரே சொல்லிச் சிரிப்பாரு. கழட்டி, தோள்ல கெடக்கிற துண்டு நுனியால துடைப்பாரு. முதல்ல ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். துடைச்சுக்கிட்டே ஒரு வசனம் சொல்லுவாரு. விவகாரம் முடியிற வரைக்கும் கண்ணாடி மூக்குக்குத் திரும்பாது.

சுண்ணாம்புக்கல்லு லாரி அடிச்சு எங்க தெருவுல ஒரு பையன் செத்தான். காலேஜ் போறதுக்கு பஸ்சுக்கு நின்னவன். பொட்டிக்குள்ள படுத்திருந்தான். அவன் அம்மா உபதேசியார் கையைப் புடிச்சு இழுத்து, "ஐயா, எம்புள்ள மொகத்தைப் பாருங்கய்யா, பாதி மொகம் இல்லீங்கய்யா"ன்னு கதறுது. இவரு கண்ணாடியைக் கழட்டிட்டாரு. துடைச்சுக்கிட்டே, அத்திமரம் பூக்காமப் போனாலும் ஆண்டவருக்குள்ள சந்தோஷப்பட்ட தீர்க்கதரிசி ஆபகூக்கைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சாரு. "அழாதம்மா, அவிசுவாசிங்கதான் இப்படி அழுவாங்க"ன்னாரு. அந்தம்மா அழுகையை அப்படியே வாய்க்குள்ள அடக்கிக்கிச்சு. ஆபகூக்கு மட்டும் அழாமலா இருந்தான்? எத்தனை நாளைக்கு நான் கூப்புடணும், நீ கேக்க மாட்டியான்னு ஆண்டவரோட மல்லுக்கு நின்னவன்தானே அவன்? அதை இவரு சொல்லலை. சொன்னா அந்தம்மாவை அழ விடணும். அழுதா அவரு பாக்கணும்.

இனி என் தங்கச்சி கதை.

ஸ்டெல்லாவைச் செந்துறையில கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை லாரி ஓட்டுறவன், அதே சபைக்காரன்தான். கல்யாணம் முடிஞ்சு அடுத்த வருஷம்தான் இந்த உபதேசியாரு எங்க ஊருக்கு வந்தாரு. அவளை அவருக்கு முன்னப்பின்ன தெரியாது. முதல் தடவை அவரு அவளைப் பாத்தது, இல்லை, பாக்காதது, அவ உதடு கிழிஞ்சு வூட்டுக்கு வந்து நின்ன அன்னைக்கு.

அப்பா பயந்தவரு. ஊழியக்காரரு சொன்னாத்தான் எதுவும். ஆளனுப்பிக் கூப்புட்டாரு. ஸ்டெல்லா கீழ உட்கார்ந்து, "பெல்ட்டால அடிக்கிறாருங்கய்யா, முதுகைப் பாத்தா அம்மாவே மயங்கிடுச்சு"ன்னா. இவரு கண்ணாடியைக் கழட்டித் துண்டை எடுத்துட்டாரு. "ஓசியா கதை தெரியுமாம்மா உனக்கு? எவ்வளவு துரோகம் பண்ணினாலும் ஆண்டவரு தன் உடன்படிக்கையை முறிச்சாரா? இல்லையே. அவரு பிள்ளைங்க நாமளும் முறிக்கக் கூடாது. நானே கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிட்டுப் போனாரு. பஸ்ல அவரு முன்னாடி சீட்டு, இவ பின்னாடி. போயி இறங்கினதும் மாப்பிள்ளை காலுல விழுந்தானாம். "தோத்திரம், தோத்திரம்"னு இவரு தூக்கி நிறுத்தினாராம். சாயங்காலம் திரும்பி வந்து மில்லு வாசல்ல நின்னு அப்பாக்கிட்ட சொல்றாரு, "பையன் தங்கமான பையங்க. கோழி அடிச்சு விருந்து வச்சான். வேண்டாம் வேண்டாம்னாலும் தொடையை எடுத்து எலையில வைக்கிறான்."

அந்தக் கோழியைச் சமைச்சது யாருன்னு நினைக்கிறீங்க? கிழிஞ்ச உதட்டோட அடுப்புப் பொகையில நின்னு என் தங்கச்சிதான் சமைச்சா. பரிமாறினதும் அவதான். அவரு எலையிலேருந்து நிமிரவே இல்லைன்னு அப்புறமாச் சொன்னா. எலும்பைக் கடிச்சு உள்ள இருக்கிறதை உறிஞ்சிச் சாப்புட்டாராம். சாப்புடும்போது மட்டும் கண்ணாடி மூக்கு மேல இருந்துச்சாம். சீ! எழுதும்போதே வாயில கசக்குது.

ரெண்டாம் தடவை அவ வந்தப்ப கழுத்துல கைத் தடம். இந்த முறை நான் சும்மா விடலை. அவளைக் கூட்டிட்டுப் போக மில்லு வழியா வந்தாரு. நான் மோட்டாரை நிறுத்திட்டேன்.

"ஐயா, ஒரு சந்தேகம். ஓசியா கதையில துரோகம் பண்ணினது யாரு?"

"அவன் மனைவிம்மா. அதாவது இஸ்ரவேல் சனம்."

"அடிபட்ட மனசு யாருது?"

"ஆண்டவருது."

"அப்ப எழுந்து போனது யாரு?"

"ஆண்டவருதான். அதானே அவரோட உண்மை!"

"இங்க துரோகம் பண்ணினவன் செந்துறையில கட்டில்ல காலை நீட்டிப் படுத்திருக்கான். அடிபட்டவளை நீங்க கொண்டு போயி அவன்கிட்ட விடுறீங்க. கதையில அடிமைத்தனத்துலேருந்து கூட்டிட்டுல்ல வந்தாங்க? நீங்க திருப்பி அதுக்குள்ளயே தள்ளுறீங்களே, இது எந்த ஓசியாங்கய்யா?"

மொளகா அரைச்ச நெடி மில்லுக்குள்ள அப்படியே நின்னுச்சு. அவரு இருமினாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "நெடிம்மா"ன்னு சிரிச்சாரு. "தீர்க்கதரிசனத்தை நம்ம இஷ்டத்துக்கு வியாக்கியானம் பண்ணக் கூடாது. நீ சின்னப் பிள்ளைங்களுக்குக் கதை சொல்றதோட நிறுத்திக்க. என் ஊழியத்துல பிரிஞ்ச குடும்பம்னு ஒண்ணுகூட இல்ல, தெரியுமா?" மிட்டாய் டக்குன்னுச்சு.

அதுதான் விஷயம். அவருக்கு ஆண்டவரோட உண்மையும் வேணாம், ஓசியாவும் வேணாம். பிரிஞ்ச குடும்பம் ஒண்ணுகூட இல்லைன்னு மேலிடத்துல சொல்லிக்கணும். ஸ்டெல்லா என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே அவரு பின்னாடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனா. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு சாக்குக்கு வாய் கட்டிக்கிட்டிருந்தாரு. அம்மா உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிச்சு.

அதுக்கப்புறம் அவ வரவே இல்லை. போன் பண்ணினா "நல்லாருக்கேன்க்கா"ன்னு வச்சிடுவா. சபையில இவரு அதையும் சாட்சியா சொன்னாரு, பாத்தீங்களா, ஆண்டவரு சமாதானத்தைக் கட்டளையிட்டாருன்னு.

ஒரு நாள் காலையில அப்பா போனுக்கு அவளே கூப்புட்டா. யாரோட மக்காச்சோள மூட்டையையோ பெரம்பலூருக்கு ஏத்திப் போக எங்க குட்டியானை வண்டியில அடுக்கிக்கிட்டிருந்தாரு அப்பா. கையில மாவு இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டாரு. அதனால எனக்கும் கேட்டுச்சு.

"அப்பா, நானா வந்தாத் திருப்பி அனுப்பிடுவீங்க. நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போறியாப்பா?"

அவ்வளவுதான் சொன்னா. அப்பா போனை வேட்டியில சொருகினாரு. ஏத்தின மூட்டையை ஒவ்வொண்ணா இறக்க ஆரம்பிச்சாரு. "என்னங்க, லோடு போகலையா?"ன்னு மூட்டைக்காரரு கேக்க, "இன்னொரு லோடு இருக்கு"ன்னாரு. சட்டைகூட மாத்தலை. தலையெல்லாம் மாவு. நானும் ஏறி உட்கார்ந்தேன். அரியலூர் தாண்டிச் செந்துறை போயிச் சேர்ந்தோம்.

மாப்பிள்ளை கட்டில்ல படுத்துப் போனைப் பாத்துக்கிட்டிருந்தான். எங்களைக் கண்டதும் பதறக்கூட இல்லை. "என்ன மாமா, உபதேசியாரு வரலையா? அவரு வரட்டும், பேசிக்கலாம்"ன்னான். பழகிடுச்சில்ல!

"அவரு வர மாட்டாரு. நான்தான் வந்திருக்கேன்"னாரு அப்பா.

அடுப்படியில ஸ்டெல்லா இடது கையைத் துப்பட்டாவுல கட்டித் தொங்கவிட்டிருந்தா. மணிக்கட்டு வீங்கிக் கருத்துப் போயிருந்துச்சு. அப்பா அதைப் பாத்தாரு. முகத்தை வேற பக்கம் திருப்பாம, கிட்டக்க குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் அவ தையல் மெஷினைத் தூக்கி வண்டியில வச்சாரு. மாமியாக்காரி கூச்சல் போட்டுத் தெருவையே கூட்டிட்டா. எவன் கத்தி என்ன? நேரா அரியலூர் ஆஸ்பத்திரி. எலும்பு உடைஞ்சு நாளாச்சு, கோணலாக் கூட ஆரம்பிச்சிடுச்சுன்னு டாக்டரம்மா திட்டுச்சு. ஓசியா எப்படிப் போயிருப்பான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. எங்கப்பா ஒரு வசனம் சொல்லலை.

ரெண்டு நாள் கழிச்சு உபதேசியாரு வந்தாரு. முகம் செத்துப் போயிருந்துச்சு. "என்னைக் கேக்காம இப்படிப் பண்ணிட்டீங்களே. என் சபையில இப்படி ஒரு பேரு வரலாமா?"ன்னாரு.

"உள்ளதான் படுத்திருக்கா. போயிப் பாருங்கய்யா"ன்னாரு அப்பா.

அடுத்த ரூம்பு. கதவுகூட சாத்தலை. எந்திரிச்சு எட்டிப் பாத்தாப் போதும். அவரு கண்ணாடியைக் கழட்டினாரு. ஒரு பக்கம் துடைச்சாரு, மறுபக்கம் துடைச்சாரு. "ஜெபத்துல தாங்குறேன்"னாரு. டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. கொஞ்ச நாள்ல லால்குடிப் பக்கம் மாத்தலாகியும் போயிட்டாரு. ஸ்டெல்லா பெரம்பலூர்ல ரூம்பு எடுத்துத் தையக்கடை போட்டா. இப்போ அவகிட்ட ரெண்டு பொண்ணுங்க வேலை செய்யுதுங்க. கோணக் கையாலதான் துணியைத் தள்ளுறா. தையல் கோணாது.

பத்து வருஷம் கிட்ட ஆச்சு. இத்தோட விட்டிருந்தா நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இந்த வருஷம் எங்க சபை அறுப்பின் பண்டிகைக்கு யாரைச் செய்தி கொடுக்கக் கூப்புடலாம்னு பேச்சு வந்துச்சு. "நம்ம பழைய உபதேசியாரு ரிட்டயர்டு ஆகிட்டாரு, அவரையே கூப்புடலாம், என்ன குரலு!"ன்னுட்டாங்க. சனங்க சின்ன வெங்காயம், பருத்தி, சோளக் கதிரு, கோழி, முட்டைன்னு வெளைஞ்சதைக் கொண்டாந்து முன்னாடி குவிச்சிருந்தாங்க. ஆராதனை முடிஞ்சதும் ஏலம். ஸ்டெல்லா வருஷா வருஷம் பிரசங்க மேடைக்குப் புதுத் துணி தைச்சுக் கொண்டு வருவா. இந்த வருஷமும் கொண்டு வந்து அவளே விரிச்சிட்டு, பொம்பளைங்க பக்கம் என்கூட உட்கார்ந்தா. அவரு வந்து அந்தத் துணி மேலயே பைபிளை வச்சாரு.

ஆளு வத்திப் போயிருந்தாரு. குரலு அப்படியே. கண்ணாடியும் இன்னும் தடிச்சிருந்துச்சு. பைபிளைத் திறந்து, அதே ஓசியா.

"இந்தச் சபையில ஒரு மகள் இருந்தா. புருஷனை விட்டுட்டு ரெண்டு தடவை ஓடி வந்துட்டா. ரெண்டு தடவையும் இந்தக் கையால அழைச்சிட்டுப் போயி சேர்த்து வச்சேன். சுத்தி இருக்கிறவங்க எதிர்த்தாங்க. நான் ஓசியாவை நெனைச்சுக்கிட்டேன். இன்னைக்கு அந்த மகள் புருஷன் வூட்டுல சமாதானமா, சந்தோஷமா வாழ்றா. ஆண்டவர் உண்மையுள்ளவர்! ஆமென் சொல்லுங்க!"

முடிவை மாத்திட்டாரு! நடந்ததைக் கண்ணால கண்ட மனுஷன், இல்லை, காணாத மனுஷன், தன் பிரசங்கத்துக்கு வசதியா முடிவை மாத்தி, எங்க முன்னாடியே, எங்க சபையிலயே சொல்றாரு. ஊருக்கே தெரியும் அது யாருன்னு. ஒருத்தரும் தலையைத் தூக்கலை. பின்னாடிலேருந்து ரெண்டு பேரு மட்டும் ஈனக் குரல்ல ஆமென் சொன்னாங்க. ஆம்பளைங்க பக்கம் எங்கப்பா கண்ணு ஆபரேசனுக்குப் போட்ட பச்சைக் கண்ணாடிக்குப் பின்னாடி அசையாம இருந்தாரு. நான் எந்திரிச்சிட்டேன். மில்லு வாயை அன்னைக்கு அங்கயே திறந்திருப்பேன். ஸ்டெல்லா என் புடவையைப் புடிச்சு உட்கார வச்சா. "இரு அக்கா. முடியட்டும்."

முடிஞ்சுது. ஏலமும் முடிஞ்சுது. சனங்க அவருக்குக் கை கொடுக்க வரிசையில நின்னாங்க. மறதி கிறதி ஒண்ணும் இல்லை அவருக்கு. ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லி விசாரிக்கிறாரு. "உன் பையன் பாலிடெக்னிக் முடிச்சிட்டானா? முட்டி வலி எப்படி இருக்கு பாட்டி?" நான் முன்னாடி போனதும், "மில்லுக்காரம்மா! தோத்திரம். அப்பாவுக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சாமே, இப்ப நல்லாத் தெரியுதா?"ன்னாரு.

"நல்லாத் தெரியுது"ன்னேன்.

எனக்குப் பின்னாடி ஸ்டெல்லா. கை கூப்பி, "தோத்திரம் ஐயா"ன்னா. அவரு அவ மொகத்தை நல்லாப் பாத்துச் சிரிச்சாரு. தடிச்ச கண்ணாடிக்குள்ள கண்ணு பெருசாத் தெரிஞ்சுது.

"தோத்திரம்மா. நீ யாரு பொண்ணு? சபைக்குப் புதுசா?"

நடிக்கலைங்க அவரு. நெசமாவே தெரியலை. ரெண்டு தடவை பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணி, பஸ்ல ஏத்திக் கொண்டு போயி, அவ கையால கோழிக் குழம்பு ஊத்தித் தின்னுட்டு, அவ கதையைச் சாட்சி சாட்சியா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவருக்கு அவ மொகம் தெரியலை.

ஸ்டெல்லா குரலை உசத்தலை.

"பழைய ஆளுதான் ஐயா. இப்ப பிரசங்கத்துல சொன்னீங்களே, புருஷன் வூட்டுல சந்தோஷமா இருக்கிறவ. அது நான்தான்."

மிட்டாய்ச் சத்தம் நின்னு போச்சு. அவரு வலது கை தானா மேல எழும்பிக் கண்ணாடிக்குப் போச்சு. அது மூக்கை விட்டு எழும்புறதுக்குள்ள, ஸ்டெல்லா தன் கோணக் கையை நீட்டி அவரு மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டா.

"கழட்டாதீங்க ஐயா. பாருங்க."